நான் ஆட்டத்துக்கு வரலை

உங்கள் உள்ளங்கையை ஒரு தடவை விரித்துப் பாருங்களேன். ஆண் என்றால் வலது கை, பெண் என்றால் இடது கை. பயப்படாதீர்கள், இந்தப் பக்கத்தில் ஜோசியம் எதுவும் ஆரம்பிக்கப் போவதில்லை. அந்தக் கையை இதே மாதிரி விரித்து, செல்போன் கேமராவுக்கு முன்னால் எத்தனை தடவை நீட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கைரேகை பார்க்கிற ஆப்களைச் சொல்கிறேன். கையைக் காட்டினால் திரையில் ஒரு பச்சைக் கோடு மேலும் கீழும் ஓடும். சக்கரம் சுற்றும். ஆயுள் ரேகை கெட்டி, முப்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டு யோகம், நெருங்கியவர் ஒருவரிடம் ஜாக்கிரதை என்று நாலு வரி வந்து விழும். இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு கூட்டம் இருக்கிறது. முகத்தைக் கொடுத்தால் நாய்க்காது வைக்கும், எண்பது வயசுக் கிழவராக்கும், தொட்டில் குழந்தையாக்கும், கார்ட்டூன் பொம்மையாக்கும்.

இந்த ஆப்கள் பலவற்றின் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். ‘பொழுதுபோக்குக்காக மட்டும்.’ அதாவது, சொன்னது பலிக்கவில்லை என்று சண்டைக்கு வராதீர்கள், எல்லாம் சும்மா ஒரு விளையாட்டு.

அந்தப் பொடி எழுத்துதான் இந்த வாரம் நம் விஷயம். ‘விளையாட்டுக்குத்தான்’ என்று சொல்லிவிட்டால், ஒரு காரியம் நல்லது கெட்டது என்கிற கணக்கிலிருந்து தப்பித்துவிடுமா?

நாமும் இதே வரியைத் தினமும் சொல்கிறவர்கள்தான். ஆபீஸில் ஒருத்தரின் தொப்பையைப் பற்றி எல்லோர் முன்னாலும் ஒரு ஜோக் அடிக்கிறோம். அவர் முகம் சுருங்குகிறது. உடனே, “அட, சும்மா தமாஷுக்குச் சொன்னேன் சார், இதுக்குப் போய் கோவிச்சுக்கறீங்களே!” என்கிறோம். கவனித்தீர்களா, அந்த ஒரு வாக்கியத்தில் தப்பு நம் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்குப் போய்விட்டது. புண்படுத்தியவன் ஜாலியான ஆள். புண்பட்டவர் சிடுமூஞ்சி.

விளையாட்டே தப்பு என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் என்னைவிடப் பெரிய சிடுமூஞ்சி யார்?

பழைய ரயில்வே ஸ்டேஷன்களில் எடை பார்க்கிற மெஷின் இருக்கும், நினைவிருக்கிறதா? கலர் கலராக விளக்கு எரியும். மேலே ஏறி நின்று காசு போட்டால் ‘கடக்’கென்று ஒரு அட்டை விழும். அதில் எடை இருக்கும், ஒரு வரி பலன் இருக்கும், பெரும்பாலும் ஒரு சினிமா நட்சத்திரத்தின் படமும் இருக்கும். ‘உங்கள் நல்ல குணத்தைப் பிறர் புரிந்துகொள்வதில்லை’ என்று மெஷின் சொன்னதும், பெட்டியும் கூஜாவுமாக நிற்கிற மனிதருக்கு ஒரு சந்தோஷம். பெண்டாட்டியிடம் காட்டுவார். அந்த அம்மாள், “ஆமா, மெஷினுக்குத்தான் தெரியும்” என்பார். ரயில் வந்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

அந்த வரி எல்லோருக்கும் பொருந்துகிற மர்மத்தையும் 1948-லேயே ஒருவர் உடைத்துவிட்டார். பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் ‘இதுதான் உன் குணம்’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்! வாசகங்களில் பெரும்பகுதி கடையில் வாங்கிய ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

ஸோ, எடை மெஷினும் கைரேகை ஆப்பும் ஒரே குடும்பம்தான், புது சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஒரு சின்ன வித்தியாசம் இருக்கிறது. மெஷினிலிருந்து இறங்கியபோது அட்டை நம் கையில் இருந்தது, மெஷினிடம் நம்முடையது என்று காசைத் தவிர எதுவும் இல்லை. ஆப்பை மூடுகிறபோது நிலைமை என்ன?

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எங்கே ‘இலவசம்’ என்று பார்த்தாலும் எதிர்ப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடுவான். இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பற்று இருந்தால் ஒரு வரவு இருந்தே தீர வேண்டும். எனக்கு நாலு வரி பலன் வரவு என்றால், ஏதோ ஒன்று என்னிடமிருந்து பற்று. அது விளம்பரம் பார்த்த அரை நிமிஷமாக இருக்கலாம். மூன்று நாள் இலவசம் என்று ஆரம்பித்து, வாராவாரம் பணம் பிடுங்குகிற சந்தாவாக இருக்கலாம். இந்த வகை ஆப்களுக்கு ‘ஃப்ளீஸ்வேர்’ என்று 2019-ல் தனியாகப் பெயரே வைத்துவிட்டார்கள். அல்லது, அந்தப் படமாகவே இருக்கலாம்.

இது பணக் கணக்கு. நான் கேட்க நினைப்பது நியாயக் கணக்கு.

தெருவில் பிள்ளைகள் விளையாடுவதைப் பாருங்கள். கண்ணாமூச்சியோ, கிட்டிப்புள்ளோ, டென்னிஸ் பந்து கிரிக்கெட்டோ, எதுவாக இருந்தாலும் எழுதாத மூன்று விதிகள் உண்டு. ஒன்று, என்ன ஆட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு, சேர்ந்தவன்தான் ஆட்டத்தில் இருக்கிறான். ஓரமாக உட்கார்ந்திருக்கிறவனை யாரும் ‘அவுட்’ ஆக்க முடியாது. மூன்றாவதுதான் முக்கியம். நடுவில் பிடிக்கவில்லை என்றால், “நான் ஆட்டத்துக்கு வரலை, போங்கடா” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பேட் அவனுடையது என்றால் பேட்டும் அவனோடு போகும்!

இந்த மூன்றும் இருக்கிற வரைக்கும் அடி பட்டால்கூட அது விளையாட்டுதான். இதில் ஒன்று இல்லாவிட்டாலும், எத்தனை பேர் சிரித்தாலும் அதற்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான். இந்த மூன்றையும் வைத்து நம் போனைக் கொஞ்சம் பார்ப்போமா?

முதல் விதி, என்ன ஆட்டம் என்று தெரிந்திருப்பது. பி.காம்.காரர்கள் எல்லோரும் உருப்போட்ட சமாசாரம், 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 13-வது பிரிவு என்ன சொல்கிறதென்றால், இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். நான் கிழவனானால் எப்படி இருப்பேன் என்று பார்க்க ‘ஓகே’ அழுத்துகிறேன். ஃபேஸ்ஆப் என்ற ஆப் உலகத்தையே கிழவராக்கிய 2019 ஜூலையில், அதன் விதிமுறைகளைப் படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். நாம் கொடுக்கிற படத்தைக் காசு தராமல், காலவரையறை இல்லாமல், திரும்பப் பெற முடியாதபடி பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தோம். பெரும்பாலான படங்களை 48 மணி நேரத்தில் அழித்துவிடுகிறோம், யாருக்கும் விற்பதில்லை என்று அந்த நிறுவனம் விளக்கம் சொன்னது. நிஜமாகவே இருக்கட்டும். ஆனால் நான் ஒப்புக்கொண்டதும் அவர்கள் எழுதி வைத்ததும் ஒரே விஷயம்தானா, ஒரே அர்த்தம்தானா?

கைக்கும் இதே மாதிரி ஒரு பழைய கதை உண்டு. 1858 ஜூலையில், வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த ஹெர்ஷலின் பேரன். ராஜ்யதர் கோனாய் என்பவர் சாலை போடுவதற்கான பொருள் சப்ளை செய்ய ஒப்பந்தம் போட வந்தார். நாளைக்கு ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று சொல்லிவிட்டால்? கொஞ்சம் மிரட்டி வைப்போம் என்று, ஆபீஸ் சீலுக்கு வைத்திருந்த மையைக் கோனாயின் உள்ளங்கையில் பூசி, ஒப்பந்தத்தின் பின்பக்கம் அழுத்தச் சொன்னார் ஹெர்ஷல். அவருக்கே அப்போது அது ஒரு சோதனை, ஒரு யோசனை. பிறகு நண்பர்கள், உறவினர்கள் என்று எல்லோரிடமும் ரேகை வாங்கிச் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்காகவே ஆனது. 1877-ல் ஹூக்ளியில் பென்ஷன், பத்திரப் பதிவு, சிறை என்று அதை அரசாங்க வேலைக்குக் கொண்டுவந்தார். 1897-ல் கல்கத்தாவில் போலீஸுக்கான கைரேகைப் பிரிவு ஆரம்பமானது.

ஒரு தப்பும் செய்யாத ஒரு காண்டிராக்டர், சாலைப் பொருளுக்காகக் கொடுத்த கை எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள். கைரேகையால் எத்தனையோ குற்றவாளிகள் பிடிபட்டிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் கோனாய் அன்றைக்கு எதற்குக் கை நீட்டினார் என்று கேட்டால், பதில் இதுவாக இருக்காது. வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்காதே என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னதன் அர்த்தமும் இதுதான். பின்னால் என்ன எழுதிக்கொள்வார்கள் என்று தெரியாது.

இரண்டாவது விதி, சேர்ந்தவன் மட்டும் ஆட்டத்தில் இருப்பது. 2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்தது ஞாபகம் இருக்கும். அதற்கு வாசல், ‘உங்கள் குணம் என்ன’ என்று சொல்கிற ஒரு தேர்வு ஆப். ஃபோரரின் தாள்தான், கம்ப்யூட்டரில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் வழியாக, அவர்களுடைய ஃபேஸ்புக் நண்பர்களின் விவரங்களும் போயின. உலகம் முழுக்க 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றது ஃபேஸ்புக். இந்தியாவில் அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 335. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர்!

ஓரமாகச் சிவனே என்று உட்கார்ந்திருந்தவர்களை அவர்களுக்கே தெரியாமல் ‘அவுட்’ ஆக்கியாகிவிட்டது. அவர்களை உள்ளே இழுத்துவிட்டவர்களும் வில்லன்கள் கிடையாது. ‘சும்மா என் குணம் என்னன்னு பார்க்கலாமே’ என்று நினைத்த நம் மாதிரி ஆட்கள்தான்.

மூன்றாவது விதி, வெளியே வரும் உரிமை. ‘எவர்’ என்று ஒரு போட்டோ ஆப் இருந்தது. படங்களைப் பத்திரமாகச் சேர்த்து வைக்கிற ஆப். ஜனங்கள் குழந்தை படம், கல்யாணப் படம் எல்லாம் ஏற்றினார்கள். அந்தப் படங்களில் பலவற்றைக் கொண்டு நிறுவனம் முக அடையாளத் தொழில்நுட்பத்தை வளர்த்தது. கணக்கை மூடிவிட்டுப் போனவர்களின் படங்களைக்கூட அழிக்காமல் வைத்திருந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2021-ல் ஒரு உத்தரவுக்கு வந்தது. படங்களை மட்டும் அழித்தால் போதாது, அவற்றை வைத்து உருவாக்கிய கணித முறைகளையும் அழிக்க வேண்டும் என்றது உத்தரவு. சரியான உத்தரவுதான். ஆனால், ‘நான் வரலை’ என்று ஒருத்தர் சொன்னதை மதிக்க வைப்பதற்கு ஒரு வல்லரசின் ஆணையம் வர வேண்டியிருக்கிறது!

“அட, விடுங்க சார். என் மூஞ்சி என்ன ராணுவ ரகசியமா? எடுத்துட்டுப் போகட்டுமே” என்று நீங்கள் சொல்லலாம். தாராளமாக. உங்கள் முகம், உங்கள் கை, உங்கள் இஷ்டம். தெரிந்து கொடுக்கிறவரிடம் எனக்கு எந்தப் பேச்சும் இல்லை. என் கேள்வி, உங்கள் போனில் இருக்கிற மற்றவர்களின் முகங்களைப் பற்றி. குரூப் போட்டோவில் எட்டுப் பேர் இருந்தால், எட்டில் ஒன்றுதான் உங்களுடையது.

இன்னொன்று. இந்த விளையாட்டுகளுக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. அதே ஃபேஸ்ஆப்பில் 2017-ல் ஆளைக் கவர்ச்சியாகக் காட்டுகிற ஒரு ஃபில்டர் வந்தது. அது செய்த முக்கியமான காரியம், கறுப்பு நிறத்தை வெளுப்பாக்கியது. எதிர்ப்பு வந்ததும், பழக்கக் கொடுத்த படங்களில் இருந்த சாய்வு என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கல்யாணத்தில் ஒரு மாமா, ‘எங்க வீட்டுப் பொண்ணு எப்படி ஜொலிக்கறா பாருங்க’ என்று இப்படி வெளுத்த ஒரு படத்தைக் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போட்டால், மாநிறமான அந்தப் பெண்ணுக்குப் போகிற சேதி என்ன? மாமா எதுவும் சொல்லவில்லை, சும்மா ஒரு பட்டனை அழுத்தினார். பட்டன் சொல்லிவிட்டது.

இதற்கெல்லாம் சட்டம் வரும் என்று காத்திருக்க முடியாது. 2023-ல் நம் நாடாளுமன்றமும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஒரு தனிமனிதர் தன் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகச் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நியாயம்தானே? மாமா ஒவ்வொரு போட்டோவுக்கும் நோட்டீஸ் கொடுக்க முடியுமா? சட்டம் வீட்டு வாசலில் செருப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நண்பர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பழைய போட்டோவில் இருப்பவரை அசைய வைக்கிற ஆப்கள் 2021 வாக்கில் உலகமெங்கும் பிரபலமாயின. நண்பரின் பையன், காலேஜ் படிக்கிறவன், கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த தாத்தா படத்தைப் போனில் எடுத்து அதில் போட்டுவிட்டான். தாத்தா தலையைத் திருப்பினார், கண்ணைச் சிமிட்டினார், லேசாகச் சிரித்தார். வீடே கூடி நின்று பார்த்தது. நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. பையன் ஓடிப்போய்ப் பாட்டியிடம் காட்டினான். “பாட்டி, தாத்தா உன்னைப் பார்த்துச் சிரிக்கறாரு பாரேன்!”

பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டாவது தடவையும் பார்த்தார்.

“உங்க தாத்தா இப்படிச் சிரிக்க மாட்டாருடா.”

அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பையன் கெட்டவன் இல்லை. பாட்டியைச் சந்தோஷப்படுத்தத்தான் செய்தான். அதே கூடத்தில் அதே படம் மகனுக்கு ஆறுதலாக இருந்தது, மனைவிக்கு எதையோ பறித்துக்கொண்டது. ஐம்பது வருஷம் பார்த்த ஒரு சிரிப்பு அந்த அம்மாளிடம் பத்திரமாக இருந்தது. அதன் மேல் யாரோ ஒரு பொதுச் சிரிப்பை ஒட்டிவிட்டார்கள். ‘நான் ஆட்டத்துக்கு வரலை’ என்று தாத்தாவால் சொல்ல முடியாது. பாட்டியை யாரும் கேட்கவில்லை.

அப்படியானால் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஃபாரம் பூர்த்தி செய்து கையெழுத்து வாங்க வேண்டுமா? அப்புறம் வீட்டில் எவன் சிரிப்பான்? நியாயமான கேள்வி, எனக்கும் இது உறுத்துகிறது. நட்பு என்பதே கேட்காமல் கிண்டல் செய்கிற உரிமைதான். ‘உன்னைக் கலாய்க்கலாமா?’ என்று அனுமதி கேட்கிற நண்பனோடு பத்து நிமிஷம் இருக்க முடியாது.

ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த உரிமை எப்படி ஓடுகிறது என்று. எதிரே இருக்கிறவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கிண்டல் செய்கிறோம். முகம் வாடினால் நிறுத்துகிறோம், பேச்சை மாற்றுகிறோம், ‘டீ சாப்பிடலாம் வா’ என்கிறோம். வாயால் கேட்காத அனுமதியைக் கண்ணால் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். தெருமுனைக் கைரேகை ஜோசியர்கூட அப்படித்தான். ‘சந்தான பாக்கியம்...’ என்று ஆரம்பித்து, எதிரே இருக்கிற பெண்ணின் முகம் மாறினால் பேச்சைத் திருப்பிவிடுவார். அதைத் தொழில் தந்திரம் என்றும் சொல்லலாம், ஈரம் என்றும் சொல்லலாம். ஆப் நம் முகத்தில் கண் எங்கே, மூக்கு எங்கே என்று புள்ளி புள்ளியாக அளக்கிறது. நாய்க்காதைச் சரியான இடத்தில் ஒட்டுகிறது. அந்த முகம் வாடியதைப் பார்த்து வெட்கப்பட்டு நிறுத்துகிற வேலை மட்டும் அதனுடையது இல்லை. அது போனைப் பிடித்திருக்கிறவரின் வேலை.

அதனால் ஆப்பை அழியுங்கள், கேமராவை மூடுங்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. உங்கள் கையை நீங்கள் காட்டுங்கள், ஆயுள் ரேகை கெட்டியாகவே இருக்கட்டும். அடுத்தவர் முகத்தை எடுக்கிறபோது மட்டும், படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளை ஒரு தடவை பாருங்கள். பெரிய மனிதர்கள் பல சமயம் மரியாதைக்காகச் சிரித்து வைத்துவிடுவார்கள். குழந்தைகளிடம் அந்த நடிப்பு கிடையாது.

அடுத்த கல்யாண வீட்டில் கவனியுங்கள். யாரோ ஒரு சித்தப்பா, நாலு வயசுக் குழந்தையைப் பிடித்து நிறுத்தி, பூனை மீசை ஒட்டுவதற்காகப் போனை நீட்டுவார். சில குழந்தைகள் குதிக்கும், ‘இன்னொண்ணு, இன்னொண்ணு’ என்று கேட்கும். ஜாலிதான், எடுத்துத் தள்ளுங்கள். சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அம்மாவின் புடவையில் ஒளிந்துகொண்டு, “வேணாம்” என்று சொல்லும். சுற்றி நிற்கிறவர்கள், “சும்மா ஒண்ணே ஒண்ணுடா செல்லம், மாமாவைப் பாரு” என்று முகத்தைப் பிடித்துத் திருப்புவார்கள்.

நீங்கள் அங்கே இருந்தால், “அதுதான் வேணாங்குதே, விட்டுடுங்களேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சிடுமூஞ்சி என்று பெயர் வந்தால் வரட்டும்.